பிரிவு 16-இல் இரண்டாம் பகுதியும் இருக்கிறது
அண்ணே, ரோட்டை மறிப்பவர்கள் மேல் வண்டியை ஏற்று என்று எழுதினாலும் அது கருத்துச் சுதந்திரம்தான், தென்னாப்பிரிக்க அரசியலமைப்பின் பிரிவு 16 காப்பாற்றும், யாரும் கேட்க முடியாது என்று மேலே ஒருவர் சொல்லியிருக்கிறார், பலர் அதைப் பகிர்ந்தும் விட்டார்கள். அது சரியில்லை. டயர் எரிகிற புகையில் டர்பனின் ஹிக்கின்சன் ஹைவேயில் பிள்ளையோடு மாட்டிக்கொண்டு நானும் திட்டித் தீர்த்தவன்தான், அந்தக் கோபம் புரிகிறது.

ஆனால் பிரிவு 16-இல் முதல் பகுதி உரிமையைக் கொடுக்கிறது, இரண்டாம் பகுதி அந்த உரிமை எதற்கெல்லாம் செல்லாது என்று சொல்கிறது: போர்ப் பிரச்சாரம், உடனடி வன்முறைக்குத் தூண்டுவது, இனம், மதம், பாலினம் வைத்து வெறுப்பைப் பரப்பித் தீங்கு செய்யத் தூண்டுவது. அப்புறம் 2020-ஆம் ஆண்டின் 19-ஆம் எண் சைபர்கிரைம்ஸ் சட்டம், பிரிவு 14, ஒருவரையோ ஒரு கூட்டத்தையோ தாக்கத் தூண்டும் நோக்கத்தோடு செய்தி அனுப்பினால் குற்றம், 3 ஆண்டு வரை சிறை. வாட்ஸ்அப் குரூப்பும் இதில் அடக்கம், லிங்க் அனுப்புவதும்கூட. மறியல் சட்டப்படியா இல்லையா என்பது வேறு கேள்வி, அதைத் திட்டி எழுத யாருக்கும் தடையில்லை.

என் பேச்சை நம்ப வேண்டாம். நீதித்துறை அமைச்சகத்தின் தளத்தில் அரசியலமைப்பு இலவசமாகக் கிடைக்கிறது, இரண்டாம் அத்தியாயத்தைத் திறந்து 16-க்குப் போய் அடுத்த பத்தியையும் படியுங்கள். இங்கே சுற்றுகிற பிரிவு 16-இன் ஸ்கிரீன்ஷாட் அந்தப் பத்திக்குச் சரியாக ஒரு வரி முன்னால் வெட்டப்பட்டிருக்கிறது.