யானை ஒட்டாத மட்கார்ட்

(கொட்டகலை. மாலை நான்கு மணி. ரோட்டோரக் கடைக்குப் பக்கத்தில், இப்போதுதான் கழுவி ஈரம் சொட்டச் சொட்ட ஒரு சில்வர் ஆல்டோ நிற்கிறது. பனி மெல்ல இறங்குகிறது. விற்பவர் செல்வம், மரக்கறி வியாபாரி. வாங்க வந்திருப்பவர் கணேசன், விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியர். கடையில் தீப்பெட்டி வாங்கினாலும் ஒரு குச்சியை உரசிப் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுப்பவர்.)

செல்வம்: வாங்க சேர், வாங்க! நல்லாப் பாருங்கள். எங்கேயாவது ஒரு கீறலைக் காட்டிவிட்டால் சாவியைச் சும்மாவே தருகிறேன்.

கணேசன்: அது இருக்கட்டும் தம்பி. காலையில் வரச் சொல்லிவிட்டு ஏன் நாலு மணிக்கு மாற்றினீர்கள்?

செல்வம்: காலையில் வெயில் சேர். உங்களுக்குத்தான் கஷ்டம்.

கணேசன்: கொட்டகலையில் வெயில் அடித்து யார் கஷ்டப்பட்டார்கள்? இந்தப் பனியில் பார்த்தால் ஹட்டன் டவுனே சில்வர் கலர்தான். போதாததற்குக் கழுவி வேறு வைத்திருக்கிறீர்கள். ஈரத்தில் பழைய பெயிண்டும் புதுப் பெயிண்டும் ஒரே மாதிரிதான் மினுங்கும். ஒரு துணி கொடுங்கள்.

செல்வம்: எப்படியும் மழை வரும் சேர், திரும்ப நனையத்தானே போகிறது...

கணேசன்: நனைவதற்குள் பார்த்துவிடலாம்.

(இடது பக்கத்தை மட்டும் துடைக்கிறார். பிறகு காருக்குப் பின்னால் குந்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பின் கதவிலிருந்து முன் லைட் வரை நீளமாகப் பார்க்கிறார்.)

செல்வம்: என்ன சேர், கேரம் போர்டில் சிவப்பைக் குறி பார்க்கிற மாதிரி பார்க்கிறீர்கள்?

கணேசன்: எதிரே நிற்கிற எலெக்ட்ரிக் போஸ்ட் உங்கள் காரில் விழுந்து தெரிகிறது. பின் கதவில் நேராக நிற்கிறது. முன் மட்கார்டுக்கு வந்தால் நெளிகிறது.

செல்வம்: அது போன மாதம் அடித்த காற்றில் சாய்ந்த போஸ்ட் சேர்.

கணேசன்: மட்கார்டுக்கு வரும்போது மட்டும் சாய்கிறதா?

செல்வம்: ...காற்று அந்தப் பக்கம்தான் கூட சேர்.

(கணேசன் சட்டைப் பையிலிருந்து ஒரு யானைப் பொம்மையை எடுக்கிறார். கண்டியில் விற்கிற, பிரிட்ஜ் கதவில் ஒட்டுகிற காந்த யானை. அதன் அடியில் மெல்லிய துணியைச் சுற்றுகிறார்.)

செல்வம்: இது என்ன சேர், பூசையா?

கணேசன்: பெயிண்ட் கீறாமல் இருக்கத்தான் துணி. பாருங்கள், பொனட்டில் வைக்கிறேன். ஒட்டுகிறதா? கூரையிலும் பின் கதவிலும் ஒட்டுகிறது. இப்போது மட்கார்ட்...

(யானை ஒரு நொடி யோசித்துவிட்டு, மெதுவாக வழுக்கிக் கீழே விழுகிறது. செல்வம் ஓடிப் போய் எடுத்துத் திரும்பவும் வைக்கிறார். மறுபடி விழுகிறது. மூன்றாம் தரம் விரலால் பிடித்துக்கொண்டே நிற்கிறார்.)

செல்வம்: ஒட்டுது சேர்!

கணேசன்: கையை எடுங்கள் தம்பி.

செல்வம்: இந்த இடம் அலுமினியமாக இருக்கும் சேர். அலுமினியத்தில் காந்தம் ஒட்டாதுதானே? நீங்களே படிப்பித்திருப்பீர்கள்.

கணேசன்: படிப்பித்தேன். ஆனால் இடது பக்க மட்கார்டுக்கு மட்டும் அலுமினியம் போட்ட ஆல்டோ எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை. தகரம் ஒடுங்கி, அதைத் தட்டி எடுத்து, பள்ளம் தெரியாமல் பட்டி பூசி, அதற்கு மேல் பெயிண்ட் அடித்தால்தான் காந்தம் இப்படி வழுக்கும். பட்டியை எத்தனை கனத்துக்கு அப்பினார்கள்?

செல்வம்: பட்டியா? சத்தியமாகத் தெரியாது சேர். கோயிலுக்கே திருவிழாவுக்குத் திருவிழா பெயிண்ட் அடிக்கிறோம். ஆசைக்கு ஒரு தரம் காருக்கும் அடித்தால் குற்றமா?

கணேசன்: பெயிண்ட் அடித்ததற்காக யாரும் காரைத் தள்ளமாட்டார்கள். தேயிலைச் செடி உரசும், லயத்துப் பிள்ளைகள் பந்து அடிப்பார்கள். ஏன் அடித்தீர்கள் என்பதுதான் கேள்வி. சரி, கதவைத் திறங்கள்.

(கதவின் கீல்களைக் கூர்ந்து பார்க்கிறார்.)

கணேசன்: பின் கதவு போல்ட்டைப் பாருங்கள். தலையில் பெயிண்ட் முழுசாக இருக்கிறது. முன் கதவு போல்ட்டில் மூலைகளில் பெயிண்ட் உடைந்து ஸ்பேனர் பட்ட தழும்பு இருக்கிறது. இந்தக் கதவைக் கழற்றியிருக்கிறார்கள்.

செல்வம்: கதவு டைட்டாக இருந்தது சேர். எண்ணெய் போடக் கழற்றினோம்.

கணேசன்: எண்ணெய் போட்டதில் கண்ணாடிக்கும் வயது குறைந்துவிட்டதா? இங்கே மூலையில் சின்ன எழுத்தில் முத்திரை இருக்கிறது, அதில் ஓர் இலக்கம் வருஷத்தைக் காட்டும். மற்ற மூன்று கதவிலும் 5. உங்கள் கார் 2015, அதனால் சரி. இதில் 8.

செல்வம்: குரங்கு கல்லால் அடித்தது சேர்.

கணேசன்: கொட்டகலைக் குரங்கா?

செல்வம்: கண்டிக்குப் போனபோது.

(கண்ணாடி மட்டும் மாறியிருந்தால் அதை நம்பலாம். கல் பட்டுக் கண்ணாடி மாற்றுவது எல்லோருக்கும் நடக்கிறதுதான். கணேசனும் அரை மனதாக நம்புகிறார். ஆனால் கை சும்மா இருக்கவில்லை. கதவு ஓரத்து ரப்பர் பீடிங்கை நகத்தால் மெல்ல விலக்குகிறார். உள்ளே, சில்வருக்கு அடியில், நல்ல ரத்தச் சிவப்பு.)

கணேசன்: தம்பி.

செல்வம்: சொல்லுங்கள் சேர்.

கணேசன்: புக்கில் இந்தக் காருக்கு என்ன கலர் போட்டிருக்கிறது?

செல்வம்: சில்வர்.

கணேசன்: இந்தக் கதவுக்குத் தனியாக ஒரு புக் இருக்க வேண்டுமே.

(நீண்ட மௌனம். ரோட்டில் நுவரெலியா பஸ் ஒன்று ஹார்ன் அடித்துப் போகிறது. செல்வம் அந்தப் பஸ்ஸில் ஏறிப் போய்விடலாமா என்று பார்க்கிற மாதிரி இருக்கிறது.)

செல்வம்: கொழும்பில் பழைய கார் சாமான் விற்கிற பஞ்சிகாவத்தையில் வாங்கின கதவு சேர். அங்கே சில்வர் கதவு கிடைக்கவில்லை. சிவப்புத்தான் இருந்தது.

கணேசன்: இப்போது சரி. எங்கே மோதினீர்கள்?

செல்வம்: மோதவில்லை சேர்! கினிகத்தேனை வளைவில் மழை நேரம் மெதுவாகத்தான் வந்தேன். மண்மேடுதான் வந்து மோதியது.

கணேசன்: மண்மேட்டுக்கு லைசன் இருந்ததா?

(பையிலிருந்து பெயிண்ட் கனத்தை அளக்கிற, கைக்கு அடக்கமான ஒரு மீட்டரை எடுக்கிறார். கராஜ் வைத்திருக்கும் பழைய மாணவனிடம் இரவல் வாங்கியது.)

கணேசன்: கூரையில் 104 மைக்ரான். கம்பெனியில் அடித்த பெயிண்ட் சாதாரணமாக 80இலிருந்து 150க்குள் நிற்கும். உங்கள் சிவப்புக் கதவில் 230. மேலே ஒரு தரம் அடித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். மட்கார்ட்... 870.

செல்வம்: கூடத்தானே சேர் இருக்கிறது! கனமாக இருந்தால் நல்லதுதானே?

கணேசன்: ரொட்டிக்கு நல்லது. பொனட்டைத் திறங்கள்.

(இங்கேதான் கணேசன் நெடுநேரம் நிற்கிறார். டோர்ச் அடித்து ரேடியேட்டரைத் தாங்கும் சட்டத்தையும், இடது பக்கச் சேசிஸ் காலையும், கதவு தொங்குகிற பில்லரையும் பார்க்கிறார். வெல்டிங் பொட்டுகளை விரலால் தடவுகிறார். டிக்கிக் கார்ப்பெட்டைத் தூக்கி ஸ்டெப்னிக் குழியையும் பார்த்துவிட்டு வருகிறார். செல்வம் இரண்டு தரம் பிளேன்டீ வாங்கிக் கொடுத்துவிட்டார்.)

செல்வம்: என்ன சேர், பேச்சே காணோம்? உள்ளேயும் சிவப்பா?

கணேசன்: இல்லை. கம்பெனி வெல்டிங் பொட்டு வரிசையாக அப்படியே இருக்கிறது. சேசிஸ் கால் நெளியவில்லை, பில்லரில் கை வைக்கவில்லை. மட்கார்டும் கதவும் போல்ட்டில் தொங்குகிற சாமான்கள்தான், மாற்றலாம். பில்லரை வெட்டி ஒட்டியிருந்தால் இந்தத் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு நான் நடந்தே போயிருப்பேன்.

செல்வம்: அதைத்தானே நான் முதலிலிருந்து சொல்கிறேன்! அப்போ 32 லட்சம்.

கணேசன்: 28.

செல்வம்: சேர்! 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தினதிலிருந்து ஆல்டோ என்ன விலை போனது தெரியுமா?

கணேசன்: 2025இல் திரும்பத் திறந்ததும் தெரியும். கதவு கலரைச் சொல்லியிருந்தால் 30 கொடுத்திருப்பேன். மண்மேட்டுக்கு ஒன்று, குரங்குக்கு ஒன்று கழித்தேன்.

செல்வம்: (குரலைத் தாழ்த்தி) சேர், ஒன்று கேட்கலாமா? இதை விற்றுவிட்டு நான் கண்டியில் ஒரு வேகன் ஆர் எடுக்கப் போகிறேன். ஜப்பான் வண்டி. அங்கே ஏலத்தில் வண்டியைச் சோதித்து எழுதின ஆக்ஷன் ஷீட்டே இருக்கிறது. (போனை நீட்டுகிறார்.) இதைக் கொஞ்சம் பாருங்கள்.

கணேசன்: கிரேட் என்று போட்ட இடத்தில் நம்பரைக் காணோமே. 'ஆர்' என்றல்லவா இருக்கிறது?

செல்வம்: ஆமாம் சேர், வேகன் ஆர்தானே? அதனால் 'ஆர்' போட்டிருக்கிறார்களாம். புரோக்கர் சொன்னான்.

கணேசன்: தம்பி, அது ஆக்சிடென்ட் பட்டு ரிப்பேர் பார்த்த வண்டிக்குப் போடுகிற 'ஆர்'.

செல்வம்: (எச்சில் விழுங்கி) அப்போ... படத்தில் கதவுக்கு நேரே இரண்டு எக்ஸ் போட்டிருக்கிறதே?

கணேசன்: அதற்குப் புரோக்கர் என்ன சொன்னான்?

செல்வம்: டபுள் எக்ஸ் சைஸாம் சேர். பெரிய கதவு, ஏறி இறங்க வசதி என்றான்.

கணேசன்: கதவை மாற்றியாகிவிட்டது என்று அர்த்தம். பின் பக்கத்தில் டபிள்யூ வேறு இருக்கிறது. அது தட்டி நிமிர்த்தின இடம்.

செல்வம்: பாவி! என்னிடமேவா!

(கோபத்தில் காலால் ஆல்டோவின் டயரை உதைக்கப் போய், விற்கிற கார் என்று ஞாபகம் வந்து நிறுத்திக்கொள்கிறார்.)

செல்வம்: சேர், ஞாயிற்றுக்கிழமை என்னோடு கண்டிக்கு வாருங்கள். நான் அவனிடம் பேசமாட்டேன், நீங்களே பேசுங்கள்.

கணேசன்: 28 லட்சம் என்றால் வருகிறேன்.

செல்வம்: 29, சேர். போக வரப் பெட்ரோல் என்னுடையது.

கணேசன்: எந்தக் காரில் போவது?

செல்வம்: இதில்தான்.

கணேசன்: அப்போ ஞாயிற்றுக்கிழமை இது என்னுடைய காராக இருக்குமே தம்பி. 28, பெட்ரோல் உங்களுடையது, பகல் சாப்பாடும் உங்களுடையது.