அதை இரைச்சல் என்று சொல்லாதீர்கள்

நேற்று ராத்திரி சுற்றிய அந்தப் பதிவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பிளாக் சபாத் என்ற இங்கிலாந்து ராக் இசைக்குழு, சாத்தானைக் கும்பிட்ட நான்கு குடிகாரர்களின் இரைச்சலாம். கீழே வரிசையாகச் சிரிப்புக் குறிகள். அங்கேயே பதில் எழுதத் தொடங்கினேன். கோபத்தில் வார்த்தை தடித்தது, அழித்துவிட்டேன்.

அது பட்டறையிலிருந்து வந்த இசை. இதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஆஸ்டன் என்ற தொழிற்சாலைப் பகுதி. குழுவின் பாடகர் ஆஸி ஆஸ்பர்ன் மாடு அறுக்கும் கூடத்தில் வேலை பார்த்தவர், கார் ஹாரனைச் சரிபார்க்கும் வேலையும் பார்த்தவர். கிட்டார் வாசித்த டோனி அயோமி ஷீட் மெட்டல் தொழிற்சாலையில் வெல்டர். 17 வயது. இசைக்காக வேலையை விட்டுவிட்டார், அன்றுதான் கடைசி நாள். மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்தவர் திரும்பிப் போக மனமில்லாமல் இருந்தார். வேலையை ஒழுங்காக முடித்துவிட்டு வா என்று அம்மா அனுப்பி வைத்தார். வேறொருவர் வராததால் பழக்கமில்லாத மெஷினில் நிறுத்தினார்கள். வலது கையின் நடுவிரல் நுனியும் மோதிர விரல் நுனியும் போயின. அவர் இடது கைக்காரர், கம்பியை அழுத்துவது அந்த வலது கைதான்.

அவ்வளவுதான் என்று எல்லோரும் சொன்னார்கள். தொழிற்சாலை ஃபோர்மேன் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். தீ விபத்தில் இரண்டு விரல்கள் முடங்கிய பிறகும் கிட்டாரில் கொடிகட்டிப் பறந்தவர் ஜாங்கோ. அயோமி பாத்திரம் கழுவும் திரவ பாட்டிலை உருக்கி விரல் நுனிக்கு உறை செய்தார், மேலே தோல் ஒட்டினார். கனத்த கம்பி வலித்தது, மெல்லிய கம்பி போட்டார். பிறகு சுருதியையும் இறக்கினார், கம்பி இன்னும் தளர்ந்தது. 1971ல் வந்த மூன்றாவது ஆல்பத்தில் அந்த இறங்கிய சுருதி கேட்கும். இன்று உலகம் முழுக்க ஹெவி மெட்டல் என்ற கனத்த ராக் இசைப் பையன்கள் சுருதியை இறக்கி வாசிக்கிறார்களே, அது இந்தக் கையிலிருந்து வந்தது. இதைத்தான் இரைச்சல் என்கிறீர்கள்.

என் அப்பா அம்பத்தூரில் பவர் பிரஸ் ஓட்டியவர். எனக்கு எட்டு வயதிருக்கும்போது ஆள்காட்டி விரல் நுனி போனது. கவனக்குறைவு என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். பதினைந்து நாளில் மறுபடி அதே மெஷின். கல்லூரி ஹாஸ்டலில் ஒரு சீனியரின் கேசட்டில்தான் முதன்முதலாக அந்த கிட்டாரைக் கேட்டேன். அந்தக் கனம் எனக்குப் புதிதாக இல்லை. அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோய் கேட் வாசலில் நின்றபோதெல்லாம் தரை அப்படித்தான் அதிரும்.

சாத்தான் என்கிறீர்கள். பேரே ஒரு திகில் படத்தின் பெயர்தான். முதல் ஆல்பம் 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை வெளியானது. பெரும்பகுதியை ஒரே நாளில் பதிவு செய்தார்கள். பயமுறுத்தத்தான் நினைத்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் கழுத்தில் கிடந்த அலுமினியச் சிலுவைகளைச் செய்து கொடுத்தது ஆஸியின் அப்பா. அவரும் தொழிற்சாலைக்காரர். பாடல் வரிகள் எழுதிய கீசர் பட்லர் கத்தோலிக்க வீட்டுப் பிள்ளை. அதே 1970ல் அவர் எழுதிய ‘வார் பிக்ஸ்’ பாட்டு யாரைத் திட்டுகிறது? போரை மூட்டிவிட்டு ஏழை வீட்டுப் பையன்களைச் சாகக் கொடுக்கிறவர்களை. அதைக் கேட்டுவிட்டுமா சாத்தான் என்கிறீர்கள்?

ஆஸி மேடையில் வௌவாலைக் கடித்தாரே என்று கட்டாயம் ஒருவர் வருவார். அது 1982. ஆஸியை 1979லேயே குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். குடி, போதை? உண்மைதான், அவர்களை அது நாசமாக்கியது. நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் நீங்கள் கொண்டாடும் மேதைகளின் குடியை மட்டும் சோகக் கதையாகச் சொல்கிறீர்களே, அது எப்படி? அதே காலத்து லெட் செப்பலின் குழு இல்லையா, அவர்களும் கனமாக வாசித்தார்களே என்றும் கேட்பீர்கள். வாசித்தார்கள். சரி, அதை இன்னொரு நாள் பேசலாம்.

அன்றைய விமர்சகர்களும் உங்களைப் போலத்தான் எழுதினார்கள். 2006ல், ராக் இசைக்காரர்களைக் கௌரவிக்கும் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் இவர்களை வரவேற்றுப் பேசியவர்கள் மெட்டாலிகா என்ற மெட்டல் குழுவினர். நீங்கள் ரசிக்கும் மெட்டாலிகாதான். அவர்களைக் கேட்டுப் பாருங்கள், இது இரைச்சலா என்று.

உண்மையில் உங்கள் பிரச்சினை சத்தம் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. யார் சத்தம் போடுகிறார்கள் என்பதுதான். உழைக்கிறவன் பிள்ளை தன் தெருவின் ஓசையை எடுத்து வாசித்தால் உங்களுக்குக் காது கூசுகிறது. எனக்கு வலித்தது அதுதான்.

2025 ஜூலை 5ல் அதே ஆஸ்டனில், வில்லா பார்க் மைதானத்தில் நால்வரும் கடைசியாக ஒன்றாக வாசித்தார்கள். ஆஸி உட்கார்ந்தபடியே பாடினார். 17 நாளில் போய்விட்டார். அந்த வீடியோவை அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். அவருக்குப் பாட்டு பிடிக்கவில்லை. அயோமியின் விரலில் இருந்த உறையைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். போனை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“எந்த மெஷினாம்?” என்று கேட்டார்.