சளி பிடித்திருந்தால் குழந்தையைத் தூக்காதீர்கள்

2025 ஜனவரியில் தமிழ்நாட்டில் இரண்டு பேருக்கு எச்.எம்.பி.வி. என்ற சுவாச வைரஸ் தொற்று இருப்பதாக அரசு அறிவித்தது. ஒருவர் சென்னையில், இன்னொருவர் நம் சேலத்தில். உடனே புதிய கொரோனா வந்துவிட்டது என்று வாட்ஸ்அப்பில் வதந்தி பறந்தது. 2001இலேயே நெதர்லாந்தில் அடையாளம் காணப்பட்ட வைரஸ் அது. சில வாரங்களில் எல்லோரும் அதை மறந்தும் போனார்கள்.

அந்தப் பதற்றத்தில் பாதியையாவது குழந்தைகளின் நுரையீரலைத் தாக்கும் ஆர்.எஸ்.வி. என்ற வைரஸ் மீது காட்டியிருக்கலாம். இதுவும் அதே வைரஸ் குடும்பம்தான். இரண்டு வயதுக்குள் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளையும் ஒருமுறையாவது தொற்றிவிடும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு மூக்கு ஒழுகி, இருமி, சரியாகிவிடும். ஆனால் ஆறு மாதம் நிறையாத பச்சிளங்குழந்தைக்கு நுரையீரலின் மிகச் சிறிய குழாய்கள் வீங்கி அடைத்துக்கொள்ளக்கூடும். 2019இல் மட்டும் உலகம் முழுவதும் ஐந்து வயதுக்குட்பட்ட ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இதனால் இறந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். அவர்களில் பாதியை நெருங்கும் பேர் ஆறு மாதம்கூட ஆகாதவர்கள். இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் நம்மைப் போன்ற வளரும் நாடுகளின் பிள்ளைகள்.

போன ஐப்பசி மழையில் என் தங்கை மகளின் கைக்குழந்தையை இளைப்போடு ஒரு மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். மூக்கடைத்த குழந்தையால் பால் உறிஞ்ச முடியாது. இரண்டு வாய் குடிப்பதற்குள் மூச்சு வாங்கும், விட்டுவிட்டு அழும். பெற்றவள் படும் பாட்டைப் பார்க்கச் சகிக்காது. அந்த வார்டுக்குள் மாலையானால் ஆப்பிள் பையோடு உறவுக்கூட்டம் நுழையும். தொண்டையைச் செருமிக்கொண்டே ஒருவர் குழந்தையின் கன்னத்தைக் கிள்ளுவார். பிறகு பக்கத்துக் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று பேசுவார். இந்த வைரஸ் கட்டில் கம்பியிலும் கதவுப்பிடியிலும் பல மணி நேரம் உயிர்ப்போடு இருக்கும். வேறு நோய்க்காக வந்து படுத்திருக்கும் குழந்தைக்கு மருத்துவமனையிலேயே இது தொற்றுவது மருத்துவர்கள் நன்கு அறிந்த விஷயம். பார்க்க வராவிட்டால் சொந்தம் கோபித்துக்கொள்ளும் என்கிற வழக்கத்தை இந்த ஒரு இடத்திலாவது நாம் கைவிட வேண்டும். குழந்தைகள் வார்டில் ஒரு குழந்தைக்கு ஒரு துணை போதும். வாசலில் இதைக் கண்டிப்பாகச் சொல்லும் காவலாளியிடம் சண்டை போடாதீர்கள், அவர் உங்கள் பேரக்குழந்தையைத்தான் காப்பாற்றுகிறார்.

வீட்டிலும் அப்படித்தான். தொட்டிலிடும் விசேஷத்தில் குழந்தை கை மாறிக்கொண்டே இருக்கும். எந்தக் கைக்குச் சளி இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. கேட்கலாம், தவறே இல்லை. குளித்த பிறகு காட்டும் சாம்பிராணிப் புகையும், மூக்கில் விடும் எண்ணெயும் அம்மாயி காலத்துப் பாசம்தான், மறுக்கவில்லை. ஆனால் புகை மூச்சுக்குழாயை உறுத்தும், எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா வரும்.

மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் வாங்கி ஊற்றுவதும் வீண், வைரஸை அது ஒன்றும் செய்யாது. சேர்க்கும் அளவுக்கு முற்றினால் தேவைப்படுவது ஆக்சிஜன், மூக்கைச் சுத்தம் செய்வது, குழாய் வழியாகவோ ஊசி வழியாகவோ நீர்ச்சத்து கொடுப்பது. இவ்வளவுதான் என்றாலும் நேரத்தில் கிடைக்க வேண்டும்.

வராமல் தடுக்கவும் இப்போது வழி இருக்கிறது. கர்ப்பிணிக்குப் போடும் தடுப்பூசியும், பிறந்த குழந்தைக்கு நேரடியாகப் போடும் எதிர்ப்பொருள் ஊசியும் 2023இல் அமெரிக்காவில் பயன்பாட்டுக்கு வந்தன. 2025இல் உலக சுகாதார நிறுவனம் இவற்றை எல்லா நாடுகளுக்கும் பரிந்துரைத்தது. காசுள்ளவர் வீட்டுக் குழந்தைக்கு மட்டும் இது கிடைப்பது அநியாயம். போலியோ சொட்டு மருந்தைப் போல அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும், நம் சட்டமன்ற உறுப்பினர்களிடம் எழுதிக் கேட்க வேண்டும்.

ஏற்காட்டிலும் சேர்வராயன் மலைக் கிராமங்களிலும் இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. பெரிய மருத்துவமனை என்றால் கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிக் கீழே சேலத்துக்குத்தான் வர வேண்டும். ஆகவே இருட்டும்வரை காத்திருக்காதீர்கள். குழந்தை அமைதியாக இருக்கும்போது சட்டையைக் கழற்றி ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, அதற்கு மேல் ஐந்து வயதுவரை 40: இந்த எண்ணை எட்டினாலோ, விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ உடனே 108ஐ அழையுங்கள்.