தாய் தகப்பனுக்குக் காது கேட்காது என்பதற்காகப் பிள்ளை பாடக் கூடாதா?

"பிள்ளை பாட்டுப் படிக்கக் கல்லடிக்குப் போய்விட்டால் தாய் தகப்பனுக்கு ஆர் காது?"

என் தங்கச்சியின் மகள் சங்கீதம் படிக்க மட்டக்களப்பு கல்லடியில் இருக்கிற அழகியல் கற்கைகள் நிறுவகத்துக்குப் போக நினைக்கிறாள். கொஞ்ச நாளாக ஆளுக்கு ஆள் என்னிடம் இதைத்தான் கேட்கிறார்கள். கோயிலில் கேட்கிறார்கள், சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது கேட்கிறார்கள், ஒரு செத்த வீட்டில் வைத்தும் கேட்டார்கள். தாய்மாமன் சொன்னால் அவள் கேட்பாள் என்று நினைத்துத்தான் என்னிடம் வருகிறார்கள். எல்லோருக்கும் ஒரே இடத்தில் பதில் சொல்லிவிடுகிறேன்: நான் அவளை நிற்கச் சொல்ல மாட்டேன். (அவளிடமும் தங்கச்சி, மச்சான் இரண்டு பேரிடமும் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். பேர் போடவில்லை.)

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். என் தங்கச்சிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. மச்சானுக்குச் சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சலோடு கேட்காமல் போனது. அவள் தையல், அவர் தச்சு வேலை, காரைதீவுப் பக்கம் எத்தனையோ வீட்டுக் கதவு நிலை அவர் கைவேலைதான். பிள்ளைகள் இரண்டு பேர், இரண்டு பேருக்கும் நன்றாகக் கேட்கும். அதெப்படி என்று ஆச்சரியப்படுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். காது கேளாத பெற்றோருக்குப் பிறக்கிற பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானவர்கள் கேட்கிற பிள்ளைகள்தான். காது கேளாத பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானவர்கள் பிறப்பதும் கேட்கிற பெற்றோருக்குத்தான், எங்கள் அம்மாவுக்குத் தங்கச்சி பிறந்த மாதிரி.

மருமகள் கைக்குழந்தையாக இருந்தபோது இரவில் அழுதால் தாய்க்கு எப்படித் தெரியும்? தங்கச்சி சேலைத் தலைப்பைப் பிள்ளையின் காலில் தளர்வாகக் கட்டி, மற்ற நுனியைத் தன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு படுப்பாள். பிள்ளை காலை உதைத்து அழத் தொடங்கியதும் எழும்பிவிடுவாள். பிள்ளைக்கு முதலில் வந்தது கைப் பேச்சு. வாய்ப் பேச்சு அம்மம்மாவிடமிருந்தும் ரேடியோவிலிருந்தும் வந்தது. மறுகா பாட்டு. எங்கள் பக்கம் வைகாசி வந்தால் கண்ணகை அம்மன் கோயிலில் கதவு திறந்து, இரவிரவாகக் கண்ணகி கதையைச் சொல்கிற வழக்குரைப் பாட்டுப் படிப்பார்கள், கடைசியில் அம்மனைக் குளிர்விக்கிற குளிர்த்திச் சடங்கு. அம்மம்மாவின் மடியில் படுத்துக் கிடந்து அந்த மெட்டெல்லாம் அவளுக்குப் பாடம். "வீட்டில் பாட்டே இல்லை, ஞானம் எங்கிருந்து வந்தது" என்று கேட்பவர்கள் ஊருக்குள் இருக்கிற பாட்டை மறந்துவிட்டுக் கேட்கிறார்கள்.

சரி, "ஆர் காது" என்ற கேள்விக்கு வருகிறேன். இதுவரைக்கும் யார் காதாக இருந்தது என்று உங்களுக்குத் தெரியுமா?

அவள் ஐந்தாம் வகுப்பில் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த வருடம் தாயோடு கிளினிக்குக்குப் போனாள். டொக்டர் துண்டுச் சீட்டைப் பார்த்தபடியே, "அம்மாட்டச் சொல்லுங்க மகள், கர்ப்பப்பையை எடுக்கணும், இல்லாட்டி இரத்தம் போறது நிற்காது" என்றிருக்கிறார். பத்து வயதுப் பிள்ளை. அது என்னவென்று அவளுக்கே சரியாகத் தெரியாது. தன் வயிற்றைத் தொட்டு, குழந்தையைத் தாலாட்டுவது மாதிரிக் காட்டி, பிறகு அதை வெட்டி எடுத்து வெளியே போடுவது மாதிரிக் கையைக் காட்டியிருக்கிறாள். வயிற்றில் ஒரு பிள்ளை இருக்கிறது, அதை அழிக்கச் சொல்கிறார்கள் என்று தங்கச்சி விளங்கிக்கொண்டாள். அந்த இடத்திலேயே அழத் தொடங்கிவிட்டாள். தாய் அழுவதைப் பார்த்துப் பிள்ளையும் அழுதிருக்கிறாள், தான் எதையோ பிழையாகச் சொல்லிவிட்டோம் என்று. பின்னேரம் நான் போய்க் கொப்பியில் படம் கீறி விளங்கப்படுத்தும் வரைக்கும் இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

அந்த டொக்டர் கெட்ட மனுசன் இல்லை. வெளியே அத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள், சைகை தெரிந்த ஒருவர் அங்கே இல்லை, பக்கத்தில் நின்ற பிள்ளையைப் பிடித்தார். எங்கே போனாலும் இதுதான் நடக்கிறது. வங்கியில் கையெழுத்துப் பிசகு, பிரதேச செயலகத்தில் படிவம், கிராம சேவகரிடம் கடிதம், காணிப் பிரச்சினைக்குப் பொலிஸ், எல்லாவற்றிலும் அந்தப் பிள்ளை நடுவில் நின்றிருக்கிறாள். பெரியவர்கள் தாய் தகப்பனைப் பற்றி அவர்களுக்கு முன்னாலேயே சொல்கிற கேவலமான பேச்சுகளையும் அவள்தான் கேட்டிருக்கிறாள், கேட்டுவிட்டு வீட்டில் கையால் சொல்லாமல் விட்டிருக்கிறாள். அது எவ்வளவு பெரிய சுமை என்று கேட்கிற பெற்றோருக்குப் பிறந்த எங்களுக்கு முழுதாக விளங்காது.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்க 1996 ஆம் ஆண்டே 28 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 2016 இல் இலங்கை ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயத்தை ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 9 ஆம் உறுப்புரை, பொதுமக்கள் வந்துபோகும் இடங்களில் தொழில்முறைச் சைகைமொழி பெயர்ப்பாளர்கள் கிடைக்க வேண்டும் என்கிறது, 21 ஆம் உறுப்புரை அரச கருமங்களில் சைகைமொழியை ஏற்று வசதி செய்ய வேண்டும் என்கிறது. கையெழுத்துப் போட்டது அரசாங்கம். அந்தக் கடமையை ஒரு பத்து வயதுப் பிள்ளையின் தலையில் கட்டிவிட்டு, இப்போது அவள் வளர்ந்து தனக்கென்று ஒன்றைக் கேட்கும்போது "நீ போனால் யார்" என்று அவளிடமே கேட்கிறோம். நியாயமா இது?

இன்னொன்றையும் கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். இதே பிள்ளை மருத்துவ பீடத்துக்குத் தெரிவாகியிருந்தால் இந்தக் கேள்வியை யாராவது கேட்டிருப்பீர்களா? வெடி கொளுத்தி, சந்தியில் பதாகை கட்டியிருப்பீர்கள். அவளுக்கு ஒரு தம்பி இருக்கிறான், அவனுக்கும் சைகை தண்ணி பட்ட பாடு. அவன் படிப்பு முடித்துக் கட்டாருக்குப் போகப் போவதாக ஊரெல்லாம் சொல்லித் திரிகிறான், அவனிடம் ஒருவரும் "ஆர் காது" என்று கேட்கவில்லை. பெண் பிள்ளை என்றால் வீட்டோடு கிடக்க வேண்டும், அதிலும் பாட்டு என்றால் அது ஒரு படிப்பே இல்லை. உள்ளுக்குள் இருப்பது இதுதான்.

அடுத்தது, தங்கச்சியையும் மச்சானையும் பார்த்து "பாவம், பெற்ற பிள்ளையின் பாட்டைக் கேட்கக் கொடுத்து வைக்கவில்லை" என்று உச்சுக்கொட்டுகிறவர்கள். நீங்கள் ஒரு நாள் அந்த வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டும்.

கர்நாடக சங்கீதத்தில் தாளம் கண்ணுக்குத் தெரியும். ஆதி தாளம் என்றால் ஒரு தட்டு, சின்ன விரலில் தொடங்கி மூன்று விரல் எண்ணிக்கை, அப்புறம் தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு, எட்டு அட்சரம் முடிந்தது. மருமகள் சங்கீதத்தின் முதல் பாடமான சரளி வரிசை படிக்கத் தொடங்கிய காலத்திலேயே மச்சான் எதிரில் கதிரையைப் போட்டுக்கொண்டு அந்தக் கையைப் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டார். மூன்று காலத்தில், அதாவது மூன்று வேகத்தில், பாடும்போது கை ஒரே ஓட்டத்தில் போக வேண்டும், பாட்டுத்தான் இரட்டித்து இரட்டித்து வர வேண்டும். மூன்றாம் காலம் வந்ததும் பிள்ளைகளுக்குக் கையும் சேர்ந்து ஓடும், அது எல்லோருக்கும் வருகிற பிழை. அவளுக்குக் கை கொஞ்சம் விரைந்தாலே மச்சான் மேசையில் ஒரு தட்டுத் தட்டுவார், திரும்பப் பாடு என்று கையைக் காட்டுவார். தன் தொடையில் போடுகிற தாளத்தை அவர் நிறுத்துவதே இல்லை. அவளுடைய சங்கீத டீச்சர், இந்தப் பிள்ளைக்குக் காலப்பிரமாணம் (தாளத்தின் வேகம் பிசகாமல் இருப்பது) இவ்வளவு சுத்தமாக எப்படி வந்தது என்று கேட்டபோது, தகப்பன் பார்த்துத் திருத்துகிறார் என்று சொல்ல அவர் நம்பவில்லை. வாணி விழாவுக்கு மச்சான் முன் வரிசையில் இருந்து தாளம் போட்டதைக் கண்ட பிறகுதான் நம்பினார்.

கஷ்டம் இல்லை என்று சொல்லவில்லை. சுருதி விலகினால் அந்த வீட்டில் சொல்ல ஆள் கிடையாது. போனில் பதிவு செய்து, தானே கேட்டு, விளங்காததை டீச்சரிடம் கொண்டுபோய்த்தான் திருத்தினாள். வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைகளை அப்படித்தான் ஒவ்வொரு தரமாகப் பாஸ் பண்ணினாள். ஆனால் விடியப்புறம் நாலு மணிக்குச் சுருதிப் பெட்டியைப் போட்டுத் தொண்டை திறந்து சாதகம் பண்ண இந்த ஊரில் வேறு எந்த வீட்டில் விடுவார்கள்?

ஸ்கொட்லாந்தில் எவலின் கிளெனி என்று ஒரு தாள வாத்தியக் கலைஞர், காது கேளாதவர், 2012 லண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவில் வாசித்தவர். வெறுங்காலோடு நின்று அதிர்வை உடம்பால் வாங்கி வாசிப்பார். மருமகள் அந்த வீடியோவைத் தகப்பனுக்குக் காட்டியபோது மச்சானுக்கு அது புதினமாகவே படவில்லை, கோயிலில் பறைமேளத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கும்போது நெஞ்சில் அடிப்பது இதுதான் என்று சொல்லிவிட்டுத் தன் பாட்டில் வேலைக்குப் போய்விட்டார்.

எங்கள் ஊர் மனிதரையே எடுங்கள். 1892 இல் காரைதீவில் பிறந்த, தமிழிசையை ஆராய்ந்த துறவி விபுலானந்த அடிகள், இவள் படிக்கப் போக நினைக்கிற கல்லடி அழகியல் கற்கைகள் நிறுவகம் அவர் பெயரில்தான் இருக்கிறது. பழந்தமிழரின் நரம்பு வாத்தியமான யாழைப் பற்றி அவர் எழுதிய யாழ் நூல் 1947 இல் வெளிவந்தது, அதே வருடம் அவரும் போய்ச் சேர்ந்தார். யாழ் வழக்கொழிந்து நூற்றாண்டுகள் ஆகியிருந்தன. அந்தப் பழைய யாழை வாசிக்கக் கேட்ட ஒரு சீவன் அவர் காலத்தில் உயிரோடு இல்லை, அவரும் கேட்டதில்லை. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை வரிகளையும் நரம்புகளின் கணக்கையும் வைத்துக்கொண்டு அந்த இசையை மீட்டெடுக்கப் பாடுபட்டார். அவர் பிறந்த மண்ணில் இருந்துகொண்டு, காது இல்லாதவனுக்குச் சங்கீதத்தில் என்ன வேலை என்று கேட்க எப்படி மனம் வருகிறது?

நான் மதிக்கிற பயம் ஒன்றே ஒன்று, அது தங்கச்சியுடைய பயம். குசினி வாசலில் இருந்து என்னிடம் சொன்னாள்: கேட்கிற ஆட்களோடேயே இருந்து பழகினால் எங்களோடு கதைக்க அவளுக்குக் கை சோம்பிவிடும், கொஞ்ச நாளில் இரண்டு சொல்லோடு முடித்துக்கொள்வாள், அப்புறம் தலையாட்டல்தான். சொல்லும்போது அவள் கண் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் பொய் ஆறுதல் சொல்லவில்லை. எந்த வேலைக்குப் போனாலும், கலியாணம் கட்டினாலும் வரக்கூடிய பயம்தான் அது, பாட்டை நிறுத்தினால் தீராது என்று சொன்னேன். இப்போது ஒவ்வொரு இரவும் வட்ஸ்அப்பில் முகம் பார்த்துக் கதைக்க வேண்டும் என்று தாயும் மகளும் ஒரு ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். சண்டையையும் வீடியோவிலேயே பிடிக்கலாம் என்று மருமகள் சொல்ல, தங்கச்சி சிரித்துவிட்டாள்.

பாட்டுப் படித்தால் தொழில் கிடைக்குமா என்கிறீர்கள். வேலையில்லாப் பட்டதாரிகள் மட்டக்களப்பு காந்திப் பூங்காவில் போராட்டம் இருந்ததை நானும் கண்டவன்தான், அந்தக் கவலை நியாயமானது. அது எல்லாப் பிள்ளைகளுக்கும் பொது, காது கேளாத வீட்டுப் பிள்ளைக்கென்று தனியாக இல்லை.

கல்லடி நிறுவகத்தில் சேர்வதற்கான நடைமுறைப் பரீட்சைக்கு விண்ணப்பம் போட்டாயிற்று. இனிக் கிளினிக்குக்கும் வங்கிக்கும் நானும் என் மகனும் முறை வைத்துப் போவோம். ஆனாலும் எங்கள் சைகை வீட்டுச் சைகை, டொக்டர் சொல்வதை முழுதாகக் கொண்டுசேர்க்க அது போதாது. காரைதீவு, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் தமிழும் சைகைமொழியும் முறையாகத் தெரிந்த ஒருவர் இருந்தால் உள்பெட்டியில் எழுதுங்கள். மாதத்தில் ஒரு காலை நேரம் ஒதுக்கினால் போதும், பஸ் காசும் அன்றைய கூலியும் தருவோம். ஆஸ்பத்திரிக்கும் பிரதேச செயலகத்துக்கும் நிரந்தரமாக ஒருவரைக் கேட்டு ஒரு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன், காது கேளாதவர்கள் இருக்கிற மற்றக் குடும்பங்களும் கையெழுத்து வைத்தால் அதற்குப் பலம் கூடும். ஞாயிறு பின்னேரம் நான் வீட்டில்தான் இருப்பேன், வாருங்கள்.