ஆசிரியர் எதிரில் இருக்கும்போது கேட்க வேண்டியது

போன சனிக்கிழமை ஆழ்வார்பேட்டையில் தலைமைப் பண்பு பற்றி எழுதும் ஒருவருடன் உரையாடல் என்றார்கள். அம்பத்தூரில் பட்டறையை மதியமே மூடிவிட்டுப் போனேன். ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். இந்தப் புத்தகம் எழுதும் எண்ணம் எப்படி வந்தது, காலையில் எத்தனை மணிக்கு எழுவீர்கள், இளைஞர்களுக்கு என்ன சொல்வீர்கள், பேட்டி எடுத்தவர் கேட்டது இவ்வளவுதான். எனக்கு மனசு ஆறவே இல்லை.

நான் இந்த வகைப் புத்தகங்களை மதிப்பவன். 9 பேரை வைத்து லேத் பட்டறை நடத்துகிறவனுக்கு ஆலோசனை சொல்லப் பக்கத்தில் யாரும் கிடையாது, புத்தகம்தான் துணை. அதனால்தான் கோபம் வருகிறது.

அமெரிக்க நிர்வாக எழுத்தாளர் ஜிம் காலின்ஸ், 2001-இல் வந்த 'குட் டு கிரேட்' நூலுக்காக 1,435 கம்பெனிகளை அலசி, சாதாரண நிலையிலிருந்து மிகச் சிறந்த நிலைக்கு உயர்ந்தவை என்று 11-ஐ எடுத்தார். அந்த 11-இல் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நடத்திய சர்க்யூட் சிட்டி 2008-இல் திவாலானது, அதே வருஷம் வீட்டுக் கடன் நிறுவனமான ஃபேனி மேயை அமெரிக்க அரசு தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டது. அதற்காகப் புத்தகமே வீண் என்று நான் சொல்ல மாட்டேன். பெரிய கம்பெனிகள் ஏன் சரிகின்றன என்று 2009-இல் அவரே தனியாக ஒரு நூல் எழுதினார், சர்க்யூட் சிட்டியும் அதில் வருகிறது. சரி, உங்கள் உதாரணங்கள் இன்று எப்படி இருக்கின்றன, நீங்கள் சொன்னதையே செய்தும் விழுந்தவர்கள் உண்டா? எந்த ஆசிரியரிடமும் இதைக் கேட்கலாம், மரியாதையாகவே கேட்கலாம்.

நம் சென்னை லயோலா கல்லூரியில் படித்த நிர்வாகவியல் பேராசிரியர் சி.கே. பிரகலாத் 2004-இல் எழுதிய நூலில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை பற்றி வரும். 1976-இல் 11 படுக்கையோடு தொடங்கியது. காசு கொடுக்க முடிந்தவர்கள் தருவதில் இலவச சிகிச்சையும் நடக்கிறது. அங்கே அறுவை அரங்கில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மேசை, ஒருவருக்கு முடிவதற்குள் அடுத்தவர் தயாராக இருப்பார், டாக்டர் திரும்பினால் போதும். இதைத் தெரிந்துகொண்ட பிறகு எங்கள் பட்டறையிலும் மெஷின் ஓடும்போதே அடுத்த ஜாப்புக்கான டூல், மெட்டீரியல் எல்லாம் எடுத்து வைக்க ஆரம்பித்தோம், மெஷின் சும்மா நிற்கும் நேரம் நன்றாகவே குறைந்தது. வேலை எப்படி நடக்கிறது என்று துருவிக் கேட்டால்தான் இப்படி ஏதாவது நம் கைக்கு வரும், எழுந்திருக்கும் நேரத்தைக் கேட்டு என்ன வரும்?

கடைசியில் கை தூக்கினேன். மைக் என் வரிசைக்கு வருவதற்குள் நேரம் முடிந்தது என்றார்கள். நான் கேட்க நினைத்தது இதுதான்: "சார், முதலில் சரியான ஆட்களைச் சேர் என்கிறீர்கள். இரண்டு வருஷம் கூடவே நின்று தொழில் சொல்லிக்கொடுத்த பையன் 3,000 ரூபாய் அதிகம் கிடைக்கிறது என்று ஒரகடம் தொழிற்பேட்டைக்குப் போய்விடுகிறான், அவன் வீட்டு நிலைமைக்கு அது சரிதான். வேலை வாங்கிய கம்பெனிகளிடமிருந்து சட்டப்படி 45 நாளில் எனக்கு வரவேண்டிய பணம் 90 நாள் ஆனாலும் வருவதில்லை, அவனுக்குச் சம்பளம் உயர்த்தித் தர நான் எங்கே போவேன்? நீங்கள் சந்தித்த முதலாளிகளில் இந்த நிலையில் இருந்தவர் யார், அவர் என்ன செய்தார்?"