பெங்களூர் அல்சூருக்குக் காவேரி கொண்டுவந்தது கவுன்சிலரா?

"காவேரி ஐந்தாம் கட்டத் தண்ணியை அல்சூருக்குக் கொண்டுவந்ததே நம்ம கவுன்சிலர்தான், தேர்தல்ல மறந்துடாதீங்க" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அண்ணா, அது சரியில்லை.

பெங்களூருக்குக் காவேரித் தண்ணி கொண்டுவரும் அந்த ஐந்தாம் கட்டத் திட்டம் 2024 அக்டோபரில் தொடங்கி வைக்கப்பட்டது. ஜப்பான் கடனுதவியோடு, 2007-இல் பெங்களூர் மாநகராட்சியில் சேர்ந்த புறநகர் 110 கிராமங்களுக்காகப் போட்ட திட்டம். அல்சூர் குழாயில் காவேரி அதற்கு வெகு முன்பே வந்தாச்சு. குடிநீரும் பாதாளச் சாக்கடையும் மாநில அரசின் குடிநீர் வாரியத்து வேலை. வீட்டுத் தண்ணி பில்லை எடுத்துப் பாருங்கள், மேலே யார் பெயர் இருக்கிறது?

அப்புறம், கவுன்சிலர்கள் இருந்த மாநகராட்சி மாமன்றத்தின் பதவிக்காலம் 2020 செப்டம்பர் 10-ஆம் தேதியே முடிந்துவிட்டது. அதன்பின் 2024-இலும் அதிகாரிகள் நிர்வாகம்தான் நடந்தது. ஆக அப்போது அவர் முன்னாள் கவுன்சிலர். அவருடைய தேர்தல் நோட்டீஸில் அந்த 'முன்னாள்' மட்டும் எறும்பு சைஸில் இருக்கிறது!

ஓட்டு கேட்டு வந்தால் பதவியில் இருந்தபோது குப்பை, தெருவிளக்கு, மழைநீர்க் கால்வாய்க்கு என்ன செய்தார் என்று கேளுங்கள். அதுதான் கவுன்சிலர் கணக்கு. எங்கள் சந்துக்கு விளக்கு போட வைத்தவர் நிஜமாகவே அவர்தான். அதை ஏனோ நோட்டீஸில் காணோம்.