கடைசியாக வருவதற்கும் ஓட வேண்டும்

சனிக்கிழமை நம் பள்ளி விளையாட்டுப் போட்டியில் ஓடிக்கொண்டிருந்த பிள்ளையை ஒலிவாங்கியில் கேலி செய்த காணொளியை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். நம் சுங்கை சிப்புட் ஊரில் அதைப் பார்க்காதவர் யாரும் மிச்சமில்லை என்றே நினைக்கிறேன். சனிக்கிழமை மாலைக்குள் என் கைப்பேசிக்கே ஐந்து புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களிலிருந்து வந்து சேர்ந்துவிட்டது. ஆகவே நடந்ததை முதலிலிருந்து விவரிக்கப் போவதில்லை. ஒலிவாங்கியைப் பிடித்திருந்த பெருமகனாரின் பெயரையும் எழுதப் போவதில்லை. பெயர் எனக்கு நன்றாகவே தெரியும். விளையாட்டுப் போட்டியின் அழைப்பிதழை அடித்தது என் அச்சகம்தான். பெயருக்கு முன்னால் வரும் பட்டங்களுக்கு மட்டும் இரண்டு வரி பிடித்தது.

அவர் சொன்னதை மட்டும் இங்கே பதிந்து வைக்கிறேன், நாளைக்கு யாரும் மாற்றிச் சொல்லக் கூடாது என்பதற்காக. 800 மீட்டர் ஓட்டத்தில் ஏழு பிள்ளைகள் ஓடி முடித்துவிட்டார்கள். எட்டாவது பிள்ளைக்கு இன்னும் அரைச்சுற்று பாக்கி. அப்போது பெருமகனார் ஒலிவாங்கியை வாங்கி, "இந்தப் பிள்ளையைக் குளிர்கால ஒலிம்பிக்கிற்கு அனுப்பிவிடலாம். அங்கேதான் நம் நாட்டுக்காரர்கள் போய்க் கடைசியாக வருவார்கள்" என்றார். கூடாரம் முழுக்கச் சிரிப்பு. நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன், என் உதடும் ஒரு கணம் அசைந்தது. என்மேலேயே வந்த அந்தக் கோபமும் சேர்ந்துதான் இதை எழுத வைக்கிறது.

முதலில் அந்த ஒலிம்பிக்கைப் பேசிவிடுவோம். அதைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்?

மலேசியா முதன்முதலாகக் குளிர்கால ஒலிம்பிக்கிற்குப் போனது 2018-இல், தென் கொரியாவின் பியோங்சாங் நகருக்கு. இரண்டே பேர். ஒருவர் மலைச்சரிவுச் சறுக்கு வீரர் ஜெஃப்ரி வெப், அவரைப் பற்றிப் பிறகு. மற்றவர் பனித்தளத்தில் சறுக்கி ஆடும் ஜூலியன் யீ. தலைநகருக்குப் பக்கத்தில் ஒரு பேரங்காடியின் பனித்தளத்தில் பழகியவர். நம் வீட்டுப் பிள்ளைகள் பள்ளி விடுமுறையில் போய், கம்பியைப் பிடித்துக்கொண்டே ஒரு சுற்றுச் சுற்றி, காற்சட்டை நனைந்து வீடு திரும்புகிறார்களே, அதே மாதிரித் தளம். அங்கிருந்து கிளம்பி, 2017 சீ விளையாட்டில் (தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில்) தங்கம் வென்று, ஜெர்மனிக்குப் போய்த் தகுதிச் சுற்றில் இடம் பிடித்து, ஒலிம்பிக்கில் 25-ஆவதாக வந்தார். முதல் 24 பேருக்குத்தான் அடுத்த சுற்று. ஒரே ஓர் இடம். இதைத்தான் "போய்க் கடைசியாக வருவார்கள்" என்கிறார், ஒரு சுற்று நடந்தாலே இளநீர் கேட்கிற மனிதர்.

சரி, கடைசியாகவே வந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதனால் என்ன? கடைசியாக வருவதற்கும் ஓட வேண்டும். கூடாரத்தில் உட்கார்ந்திருப்பவன் ஒருபோதும் கடைசியாக வருவதில்லை.

1998-இல் ஜப்பானின் நகானோவில் நடந்ததைக் கேளுங்கள். பத்துக் கிலோமீட்டர் பனிச்சறுக்கு ஓட்டம். நார்வேயின் பியோர்ன் டேலி தங்கம் வென்றுவிட்டார். பரிசளிப்புக்குக் கூப்பிடுகிறார்கள், அவர் போகவில்லை. எல்லைக் கோட்டருகே நின்றுகொண்டிருக்கிறார். கென்யாவிலிருந்து வந்த பிலிப் பொய்ட் இன்னும் வழியில் இருக்கிறார். இரண்டு ஆண்டுகளுக்கு முன்புவரை பனியையே பார்த்திராத மனிதர். அவர் வந்து சேர இருபது நிமிடம் ஆனது. உலகத்திலேயே முதலாவதாக வந்தவர் அத்தனை நேரம் குளிரில் காத்திருந்து, கடைசியாக வந்தவரைக் கட்டித் தழுவினார். பொய்ட் பின்னர் தம் மகனுக்கு டேலி என்றே பெயர் வைத்தார். பட்டியலில் அவருடைய இடம் 92. எழுதி வைத்திருக்கிறார்கள். இன்றைக்குத் தேடினாலும் கிடைக்கும்.

நான் அந்த எண்ணைத்தான் நினைத்துக்கொண்டே இருக்கிறேன். ஏன் என்பதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது.

1983. நான் இரண்டாம் படிவம். மாவட்டக் குறுக்கோட்டப் போட்டி. அண்ணனுடைய வெள்ளைக் காலணி, எனக்கு இரண்டு அளவு பெரியது. முன்பக்கம் செய்தித்தாளைச் சுருட்டி அடைத்து, மேலே சுண்ணக்கட்டியைத் தேய்த்து வெளுப்பாக்கிக் கொண்டு போனேன். செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதையில், முதல்நாள் மழையில் லாரிச் சக்கரம் போட்ட பள்ளம் முழுக்கத் தண்ணீர். மூன்றாவது கிலோமீட்டரில் தாள் ஊறிக் கூழாகி, காலணி காலைவிட்டுத் தனியாக ஓட ஆரம்பித்தது. கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். திடலுக்குள் நுழைந்தபோது கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். மேசையில் இருந்தவர் கோப்பை மூடிவிட்டார். நான் போய் நின்றேன். நிமிர்ந்து பார்த்து, "பட்டியல் முடிந்துவிட்டது தம்பி, நீ போகலாம்" என்றார்.

அவ்வளவுதான். எனக்கு எண் இல்லை. கடைசி இடம்கூட எனக்குக் கிடைக்கவில்லை.

உடற்பயிற்சி ஆசிரியர் மட்டும் ஒரு காகிதக் குவளையில் மைலோவைப் பிடித்து வைத்திருந்தார். அவ்வளவு நேரம் காத்திருந்ததில் குவளையின் அடி ஊறிப்போய் மெத்தென்று இருந்தது. கையில் கொடுத்துவிட்டு, "ஏன்டா, நடந்தா வந்தாய்?" என்று திட்டவும் செய்தார். இன்று அவர் இல்லை. நான் குடித்ததிலேயே நல்ல மைலோ அதுதான். ஆறிப்போயிருந்தது.

இனி நீங்கள் சொல்லப் போவதற்கு வருகிறேன். சிலர் புலனக் குழுக்களில் ஏற்கெனவே எழுதிவிட்டீர்கள்.

"அது ஒரு நகைச்சுவை, இதையெல்லாம் பெரிதுபடுத்தலாமா?" நகைச்சுவைதான். பன்னிரண்டு வயதுப் பிள்ளை தனியாக ஓடிக்கொண்டிருக்கும்போது, நான்கு ஒலிபெருக்கி வைத்துச் சொல்லப்பட்ட நகைச்சுவை. அவளுக்குக் கேட்டது. வேகம் குறைந்ததை நான் பார்த்தேன்.

"காசு இருந்தால் யார் வேண்டுமானாலும் குளிர்கால ஒலிம்பிக்கிற்குப் போய்விடலாம்." முடியாது ஐயா. 1988-இல் கால்கரியில் எட்டி எட்வர்ட்ஸ் என்ற ஆங்கிலேயர் பனித்தாண்டலில் கடைசியாக வந்து உலகப் புகழ் பெற்றார். அவருக்குப் பிறகு தகுதி விதிகளை இறுக்கிவிட்டார்கள். டோங்காவின் பீட்டா டௌஃபடோஃபுவாவை நினைவிருக்கிறதா? 2018 தொடக்க விழாவில் அந்தக் குளிரில் மேல்சட்டையில்லாமல், உடம்பெல்லாம் எண்ணெய் மினுங்கக் கொடி பிடித்து வந்தாரே, அவர்தான். ஒரு லட்சம் பேர் வாழும் தென்னைமரத் தீவு நாடு. கொடி பிடித்ததைப் பார்த்துக் கைதட்டினோம். தகுதிப் புள்ளிக்காக அவர் பந்தயம் பந்தயமாக அலைந்து, 2018 ஜனவரியில் ஐஸ்லாந்தில் கடைசி வாய்ப்பில் அதைப் பிடித்தது யாருக்கும் தெரியாது. பதினைந்து கிலோமீட்டர் பனிச்சறுக்கு ஓட்டத்தில் 114-ஆவதாக வந்தார். வந்தவர் போய்விடவில்லை. 116-ஆவதாக, நாற்பது வயதைத் தாண்டிய ஹெர்மன் மட்ராசோ மெக்சிகோ கொடியோடு வரும்வரை நின்று, மற்ற பின்வரிசைக்காரர்களோடு சேர்ந்து அவரைத் தோளில் தூக்கினார். தோளில் தூக்கப்பட்டவர் கடைசியாக வந்தவர். மீண்டும் சொல்கிறேன், கடைசியாக வந்தவர்.

ஏமாற்றுக்காரர்களும் உண்டு என்பீர்கள். உண்டு. இதே டோங்காவின் இளைஞர் ஒருவர் ஒரு ஜெர்மன் உள்ளாடை நிறுவனத்தின் பெயரையே தம் பெயராக வைத்துக்கொண்டு 2014-இல் சோச்சிக்குப் போனார். விளம்பர வேலை. எனக்கும் பிடிக்கவில்லை. விடுங்கள், மேலே போவோம்.

"சின்ன நாடு என்றால் லீக்டன்ஸ்டைன் இல்லையா? சுமார் 40,000 பேர், குளிர்கால ஒலிம்பிக்கில் 10 பதக்கம். நாம் ஏன் வாங்கவில்லை?" இப்படி எழுதிய நண்பர் நன்றாகத்தான் தேடியிருக்கிறார். ஆனால் அந்த நாட்டில் கதவைத் திறந்தால் ஆல்ப்ஸ் மலை. நமக்குக் கதவைத் திறந்தால் செம்பனை. பத்துப் பதக்கமும் மலைச்சரிவுச் சறுக்கில் வாங்கியவைதான். எங்களிடமும் சறுக்கு இருந்தது. லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, பின்னால் இருந்த மேட்டில் பாக்கு மட்டையில் ஒருவனை உட்கார வைத்து மற்றவன் இழுத்துத் தள்ளிவிடுவான். கீழே சாக்கடை. அதற்கு யாரும் பதக்கம் தரவில்லை.

எனக்கு உண்மையிலேயே சுட்ட கேள்வி அடுத்தது. "அந்த ஜெஃப்ரி வெப் அமெரிக்காவில் வளர்ந்தவர். அவர் எப்படி நம் ஆளாவார்?"

இதைக் கேட்டவர் ஒரு தோட்டத்துப் பிள்ளை. அதனால்தான் சுடுகிறது. என் பாட்டி கைக்குழந்தையாகக் கப்பலில் வந்தவர். எழுபது ஆண்டுகள் இந்த மண்ணில் பால்மரம் வெட்டினார். விடியற்காலை இருட்டில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்குப் போய் நின்றார். சாகும்போது கையில் இருந்தது குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டை. ஒவ்வொரு முறை அலுவலகத்துக்குக் கூட்டிப் போகும்போதும் நல்ல சேலை கட்டிக்கொள்வார். ஒவ்வொரு முறையும் ஒரு தாள் குறைவாக இருக்கும். யார் இந்த நாட்டுக்காரர் என்று அளப்பதற்கு நாமே கோலை எடுக்கலாமா? அந்தக் கோல் நம் முதுகில்தானே முதலில் விழுந்தது. லீக்டன்ஸ்டைனைக் காட்டிய நண்பரும் கேட்டுக்கொள்ளட்டும். 1980-இல் அந்த நாட்டுக்கு இரண்டு தங்கம் வாங்கித் தந்த ஹன்னி வென்செல் ஜெர்மனியில் பிறந்தவர். குழந்தையாக இருக்கும்போது குடும்பத்தோடு குடியேறியவர். 1974-இல் உலகப் பட்டம் வென்ற பிறகுதான் அவருக்குக் குடியுரிமை வந்தது. வெல்லும்வரை வெளியாள், வென்றால் நம் பிள்ளை.

தோற்றால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியாததா? 2021 சுதிர்மான் கோப்பைப் பூப்பந்துப் போட்டியில் நம் வீராங்கனை கிசோனா ஓர் ஆட்டத்தில் தோற்றதற்கு அரசியல்வாதி ஒருவர் எழுதிய இனவாதச் சொல் நினைவிருக்கிறதல்லவா? பிறகு மன்னிப்புக் கேட்டார். அன்று நாம் எல்லோரும் கொதித்தோம். நம் பெருமகனாரும் கொதித்தார். அந்தக் கண்டன அறிக்கை எனக்கு ஞாபகம் இருக்கிறது. கிசோனாவுக்காகக் கொதித்த வாயால்தான் சனிக்கிழமை நம் பிள்ளையை நம் திடலிலேயே சிரித்தார்.

நான் எங்கேயோ போய்விட்டேன் என்று தெரிகிறது. ஒலிம்பிக்கில் தொடங்கிப் பாட்டியின் சேலையில் வந்து நிற்கிறேன். ஆனால் எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்கிறது. அன்று அவர் பேச்சை முடிக்கும்போது என்ன சொன்னார்? காணொளியில் அது இல்லை, நான் இருந்தேன். "உங்களுக்கு எது வருமோ அதைச் செய்யுங்கள், பிள்ளைகளே." ஆறாம் வகுப்பு முடித்ததும் என்னை இடைநிலைப் பள்ளிக்கு அனுப்ப அப்பா தோட்டத்து எழுத்தரான கிராணியிடம் ஒரு கடிதம் கேட்டுப் போனார். கிராணி இதே வாக்கியத்தைத்தான் சொன்னார். அப்பா தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு தலையாட்டினார். கடிதம் இல்லாமலே என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தார், அது வேறு கதை.

1988 குளிர்கால ஒலிம்பிக்கில், பனியே இல்லாத ஜமைக்காவின் பனி வண்டி பந்தயத்தில் கவிழ்ந்தது. நான்கு பேரும் எழுந்து வண்டியோடு நடந்தே போய் எல்லையைத் தொட்டார்கள். அவர்களிடமும் யாராவது "உங்களுக்கு எது வருமோ" என்று சொல்லியிருப்பார்கள். ஆறே ஆண்டுகளில், 1994-இல், ஜமைக்கா 14-ஆவது இடம். அமெரிக்காவுக்கு முன்னால். இதை வெற்றிக் கதையாகச் சொல்லவில்லை. கவிழ்ந்த வண்டிக்குப் பின்னால் நடந்தார்களே, அதுவே எனக்குப் போதும்.

இந்தப் பதிவுக்குப் பிறகு பள்ளி வேலைகள் என் கடைக்கு வராமல் போகலாம். வராவிட்டால் திருமண அழைப்பிதழ் அடித்துப் பிழைத்துக்கொள்கிறேன். அந்தப் பிள்ளையின் பெயரைக் கேட்டுத் தனிச்செய்தி அனுப்புகிறவர்களே, தர மாட்டேன். பாராட்டுவதற்குத்தான் என்றாலும் தர மாட்டேன். காணொளியை மட்டும் அழித்துவிடுங்கள். அவள் கோட்டைத் தாண்டியது அதில் இல்லை. சிரிப்புச் சத்தம் வந்ததும் படம் பிடித்தவர் கைப்பேசியைக் கூடாரத்தின் பக்கம் திருப்பிவிட்டார். அவள் தாண்டினாள். நான் எல்லைக் கோட்டிலிருந்து பத்தடி தூரத்தில் நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை கடை விடுமுறை. இருந்தும் திறந்தேன். சான்றிதழில் மூன்று இடங்களுக்கு மட்டும்தான் பள்ளி அடிக்கச் சொல்லியிருந்தது. அதே தாளில், அதே எழுத்தில், "800 மீட்டர் ஓட்டம், எட்டாவது இடம்" என்று ஒன்றே ஒன்று அடித்து, மை காயும்வரை இருந்து, சாயங்காலம் அவள் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இருபக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எட்டுப் பேர்தான் ஓடினோம் என்று இதில் எங்கேயும் போடவில்லைதானே, மாமா?"

"இல்லை" என்றேன்.

உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள்.